பாடலிப் பள்ளியைத் தேடிப் பாருங்கள்: தொல்லியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையில் களப்பணி செய்கிறவர்களுக்கும், அடுத்த வருஷம் எந்த ஊரில் குழி போடலாம் என்று முடிவெடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். 2024இல் எங்கள் மாவட்டத்து மருங்கூரில் அகழாய்வு நடத்தினீர்கள், அப்புறம் மணிக்கொல்லையும் பட்டியலில் வந்தது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டு ஊரின் பெயர் பேப்பரில் வந்தபோது எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தத் தைரியத்தில்தான் இந்த மடல். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்: திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சமணப் பள்ளியைத் தேடிப் பாருங்கள். ஊரில் மிச்சமிருக்கும் காலி மனைகளும் கொல்லைகளும் கட்டடமாகி முடிவதற்குள் தேடிப் பாருங்கள்.

இந்த ஊரைப் பாடலீஸ்வரர் கோயிலுக்காக எல்லாருக்கும் தெரியும். பாதிரி மரம் தலவிருட்சம், அம்மன் பெரியநாயகி, அப்பர் 'ஈன்றாளுமாய்' என்று பாடிய இடம். அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட, அவர் நமசிவாயப் பதிகம் பாடிக் கரை சேர்ந்தார் என்று சொல்லும் கரையேறவிட்ட குப்பம் வண்டிப்பாளையம் பக்கத்தில் இருக்கிறது. சித்திரை மாதத்தில் அந்த விழா நடக்கும்போது உழவாரப்படையைத் தோளில் சாய்த்த அப்பர் சிலையைப் பார்த்துக் கண் கலங்குகிற கூட்டத்தில் நானும் ஒருத்தன். அப்பரைக் குறைத்துப் பேச இந்த மடல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்த அப்பர் திருநாவுக்கரசர் ஆவதற்கு முன்னால் எங்கே இருந்தார்? திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த மருள்நீக்கியார், பெற்றோரையும் இழந்து, அக்கா திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையாரும் போரில் இறந்துபோக, நிலையாமையை நினைத்து நினைத்து வந்து சேர்ந்த இடம் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளி. பாடலிபுத்திரம் என்று இங்கே சொல்வது வடநாட்டு ஊரை இல்லை, எங்கள் திருப்பாதிரிப்புலியூரைத்தான். அங்கே தருமசேனர் என்ற பெயரில் தலைமை ஸ்தானம் வரை உயர்ந்தார். சூலை நோய் வந்து வயிறு சுருண்டபோது இரவோடு இரவாகக் கிளம்பித் திருவதிகையில் இருந்த அக்காவிடம் போனதும் இங்கிருந்துதான். கதாகாலட்சேபத்தில் இந்தப் பள்ளி ரெண்டு வரியில் முடிந்துவிடும். ஒரு மனிதன் பல வருஷம் படித்து, வாதம் செய்து, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, தலைவனாகவும் ஆன ஒரு கல்விக்கூடம் அது என்று யாரும் நின்று சொல்வதில்லை. பிற்காலத்தில் தேவாரத்தில் அவர் சமணரைக் கடிந்து பாடும்போது, தலைமயிரைப் பறித்துக்கொள்வது, நின்றுகொண்டே கையில் வாங்கி உண்பது, குளிக்காமல் இருப்பது என்று அந்த வாழ்க்கையின் ஒவ்வொரு வழக்கத்தையும் வரிசையாகச் சொல்கிறார். உள்ளே வாழ்ந்தவருக்குத்தான் அந்த நுணுக்கம் வரும். கோபத்தோடு எழுதப்பட்டிருந்தாலும், அந்தப் பள்ளிக்குள் இருந்த ஒருவரே தந்த சாட்சியம் என்று பார்த்தால் அந்தப் பதிகங்கள் விலைமதிக்க முடியாதவை.

அப்பருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே இந்த ஊர் எழுத்தில் பதிவாகிவிட்டது. உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, ஆனாலும் என் ஊர்க்காரர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக விரித்து எழுதுகிறேன்.

லோகவிபாகம் என்று ஒரு சமண நூல். உலகத்தின் அமைப்பைச் சொல்வது: ஜம்புத்தீவு, அதைச் சுற்றிய உப்புக்கடல், சூரிய சந்திரர், நரகங்கள், வானுலகங்கள் என்று சமணர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்த அண்டம் முழுக்க அதில் இருக்கிறது. இப்போது கையில் இருப்பது சிம்மசூரி என்பவர் சமஸ்கிருதத்தில் செய்து தந்த வடிவம். அதன் முடிவில், இதன் மூலத்தை முன்பு சர்வநந்தி முனிவர் எழுதினார் என்றும், பாண ராஷ்டிரத்தில் பாடலிகம் என்ற ஊரில் எழுதினார் என்றும், காஞ்சி அரசன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக வருஷம் 380இல் எழுதி முடித்தார் என்றும் வருகிறது. சனி உத்திராடத்தில், குரு ரிஷபத்தில், சந்திரன் உத்திரத்தில், வளர்பிறை என்று கிரக நிலையைக்கூட விடவில்லை. சக 380 என்றால் கி.பி. 458. அந்தப் பாடலிகம் எங்கள் திருப்பாதிரிப்புலியூர்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

இந்த ஒரு குறிப்பால் தமிழ்நாட்டு வரலாற்றுக்கே ஒரு ஆதாரப்புள்ளி கிடைத்தது. முற்காலப் பல்லவர்களின் செப்பேடுகளில் ஆட்சியாண்டுதான் இருக்குமே தவிர எந்தச் சகாப்தத்தில் எத்தனையாவது வருஷம் என்று இருக்காது. யாருக்கு அப்புறம் யார், எந்தக் காலம் என்று அறிஞர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, சிம்மவர்மன் 436 வாக்கில் பட்டத்துக்கு வந்தான் என்று கணக்கிட இந்த வரிதான் உதவியது. காஞ்சி அரசனின் காலத்தை நாம் இன்று சொல்ல முடிகிறது என்றால், அது எங்கள் ஊர் ஆறான கெடிலத்தின் கரையில் ஒரு துறவி ஏட்டை முடித்துவிட்டுத் தேதி போட்டு வைத்ததால்.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். அந்த நூலில் 13,107,200,000 என்ற எண்ணைச் சொல்லும் இடத்தில், ஐந்து சூனியங்கள், அப்புறம் இரண்டு, ஏழு, ஆகாயம், ஒன்று, மூன்று, ஒன்று என்று வலப்பக்கத்திலிருந்து இலக்கம் இலக்கமாக வரும். சூனியம் என்றாலும் ஆகாயம் என்றாலும் அங்கே பூஜ்யம். அதாவது இடமதிப்பும் பூஜ்யமும் சேர்ந்து, இன்று நாம் எழுதுகிற அதே முறை. ஆரியபட்டர் தம் நூலை எழுதியது 499இல். கையில் இருக்கும் சமஸ்கிருத வடிவம் பிற்காலத்தது, பிற்கால நூல்களின் மேற்கோள்கள் அதில் கலந்திருக்கின்றன, அதனால் இந்த வரி 458இலேயே இருந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு 'பூஜ்யம் கடலூரில் பிறந்தது' என்று வாட்ஸப்பில் பரப்புவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும், பூஜ்யத்தின் வரலாற்றை எழுதுகிற வெளிநாட்டு அறிஞர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போகிற ஒரு ஊரில், லாரன்ஸ் சாலையில் தினமும் சைக்கிளில் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரே தெரியாமல் இருப்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

சரி, அந்தப் பள்ளி என்ன ஆயிற்று?

சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். அப்பரைக் கொல்லச் செய்த முயற்சிகள் எல்லாம் தோற்றபின், நீற்றறை, நஞ்சு, யானை, கடைசியில் கல்லும் கடலும், அப்போது ஆண்ட காடவ மன்னன், அதாவது பல்லவ மன்னன், சைவனாகி, பாடலிபுத்திரத்தில் இருந்த சமணப் பள்ளியையும் துறவிகள் தங்கியிருந்த பாழிகளையும் இடித்து, அந்தப் பொருள்களைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற கோயிலைக் கட்டினான் என்கிறார். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். அவன் ஆண்டது ஏழாம் நூற்றாண்டின் முதல் பகுதி. திருச்சி மலைக்கோட்டைக் குடைவரையில் அவன் வெட்டி வைத்த கல்வெட்டில், குணபரன் என்ற அரசன் மாற்று நெறியிலிருந்து லிங்க வழிபாட்டுக்குத் திரும்பினான் என்று பொருள்படும் ஒரு வரி இருக்கிறது. அதைச் சேக்கிழாரின் கதைக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு, அந்த வரிக்கு வேறு பொருள் சொல்கிறவர்களும் உண்டு.

இதில் நான் கவனிக்கச் சொல்வது காலத்தை. சேக்கிழார் எழுதியது 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். மகேந்திரனுக்கும் அவருக்கும் நடுவே ஐந்நூறு வருஷம். இடிக்கப்பட்டது என்பதற்கு இந்த ஒரு செய்யுளை விட்டால் நேரடிச் சான்று என்று கையில் வேறொன்றும் இல்லை. இடித்தானா, இல்லை ஆதரவு குறைந்து பள்ளி தானாகத் தேய்ந்து, கெடிலம் பெருக்கெடுத்துச் சுவர் விழுந்து, செங்கல்லை மட்டும் யாரோ எடுத்துப் போனார்களா? இதற்கு ஏடு பதில் சொல்லாது. மண்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

மண்ணில் என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். மகேந்திரன் மண்டகப்பட்டில் குடைந்த கோயிலின் கல்வெட்டை நினைத்துப் பாருங்கள். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலை ஆக்கினேன் என்று பெருமையாகச் சொல்கிறான். அப்படியென்றால் அவன் காலத்திலும் அதற்கு முன்னாலும் கட்டடம் என்றாலே செங்கல்லும் மரமும் சுதையும்தான். பாடலிப் பள்ளியும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். செங்கல் கட்டடத்தை இடித்து எடுத்துப்போனாலும் அடியோடு எடுத்துப்போக முடியாது. அஸ்திவாரத்தின் கடைசி ரெண்டு மூன்று வரிசையாவது மண்ணுக்குள் இருக்கும். அதையும் தோண்டி எடுத்திருந்தால், எடுத்த பள்ளத்தில் பின்னால் வந்து விழுந்த மண் வேறு நிறத்தில் சுவரின் உருவத்தையே காட்டும். இதெல்லாம் நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம், நான் உங்களுக்குச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

அதோடு ஒரு நேரடிச் சோதனையும் சாத்தியம் என்று நினைக்கிறேன். குணபரவீச்சரம் என்ற பெயர் தாங்கிய சிறு கோயில் இன்றும் திருவதிகையில் இருக்கிறது. சேக்கிழார் சொன்னது நடந்தது என்றால், அந்த மண்ணில் கிடைக்கும் பழைய செங்கல்லும் இங்கே திருப்பாதிரிப்புலியூர் மண்ணில் கிடைக்கும் செங்கல்லும் அளவிலும் களிமண்ணிலும் ஒத்துப்போக வேண்டும். செங்கல் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்பதை வெப்ப ஒளிர்வு முறையில் கணிக்கவும் வழி இருக்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவே சாலைவழி இருபத்தைந்து கிலோமீட்டர் போல, நடுவில் ஓடுவதும் ஒரே கெடிலம். ஒத்துப்போனால் 12ஆம் நூற்றாண்டுக் காப்பியத்தின் ஒரு செய்யுளை ஏழாம் நூற்றாண்டுச் செங்கல் உறுதி செய்ததாகும். ஒத்துப்போகவில்லை என்றால் நாம் இத்தனை காலம் சொல்லிவந்த ஒரு கதையைத் திருத்திக்கொள்ள வேண்டும். ரெண்டில் எது வந்தாலும் எனக்குச் சம்மதம்.

ஏன் இப்போது அவசரம் என்றால், ஊர் மாறிக்கொண்டிருக்கிறது. கடலூர் 2021இல் மாநகராட்சி ஆனது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஓட்டு வீடுகளை இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்புகிறார்கள். பழைய ஓட்டு வீட்டுக்கு ரெண்டடி அஸ்திவாரம் போதும், இப்போது தூண் எழுப்ப ஆறடி ஏழடி பள்ளம் பறிக்கிறார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒரு பள்ளம் வெட்டியபோது எட்டிப் பார்த்தேன். மேலே கட்டட இடிபாடு, அதன் கீழே கருமண், அதற்கும் கீழே கெடிலம் கொண்டுவந்து கொட்டிய ஈர வண்டல். வண்டலும் கருமண்ணும் சேரும் இடத்தில் ஒரு சாண் கனத்துக்குச் சிவப்பு ஓட்டுச் சில்லுகளும், விளிம்பு தேய்ந்த செங்கல் துண்டுகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் கழுவிப் பார்த்தால் உமி எரிந்த ஓட்டைகள் அப்படியே தெரிந்தன. அது எந்தக் காலத்துச் செங்கல் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, நூறு வருஷத்துப் பழசாகவும் இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு ஆள் அன்றைக்கு அங்கே இல்லை, அவ்வளவுதான். மதியத்துக்குள் ஜேசிபி எல்லாவற்றையும் வாரி டிராக்டரில் போட்டுவிட்டது, மண் எங்கேயோ பள்ளம் நிரப்பப் போய்விட்டது. வீட்டுக்காரர் மேலும் கொத்தனார் மேலும் ஒரு தப்பும் இல்லை. இங்கே பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொன்னதே கிடையாது.

நாகப்பட்டினத்துக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் அங்கே சூடாமணி விகாரை என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினார், அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேடு நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போனது. அந்த ஊரில் நின்றிருந்த பழைய செங்கல் கோபுரம் ஒன்றைக் கடல்வழி வந்தவர்கள் எல்லாம் அடையாளமாகப் பார்த்திருக்கிறார்கள். 1867இல் அதை அனுமதி வாங்கியே இடித்தார்கள். ஆவணம் இருக்கிறது, ஓவியம் இருக்கிறது, கோபுரம் இல்லை. அங்கே இடிக்கவாவது ஒரு கோபுரம் இருந்தது. எங்கள் ஊரில் தரைக்கு மேலே ஒன்றும் இல்லை என்பதால் இழப்பதும் யார் கண்ணிலும் படாது.

சமணம் இந்தப் பக்கத்திலிருந்து அடியோடு போய்விட்டது என்றும் நினைத்துவிட வேண்டாம். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர் குன்றில், இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறையில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு, அதாவது நினைவுக் கல்வெட்டு, இருக்கிறது. அதன் எழுத்து, பாடலிப் பள்ளி உயிரோடு இருந்த காலத்தை ஒட்டியது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் திருநறுங்கொண்டையில் சோழர் காலக் கல்வெட்டுகளோடு சமணக் கோயில் இருக்கிறது. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் நடக்கிறது. நயினார் என்று நாம் மரியாதையாகக் கூப்பிடும் அந்தக் குடும்பங்கள் நம்மோடுதான் திண்டிவனத்திலும் வந்தவாசியிலும் வாழ்கின்றன. ஒரு பள்ளியின் அஸ்திவாரத்தைக் கண்டெடுப்பது யாருக்கும் எதிரான காரியம் ஆகாது. சைவர்களுக்கு அப்பர் வாழ்ந்த இடம், சமணர்களுக்குச் சர்வநந்தி எழுதிய இடம், ரெண்டும் ஒரே இடம். பழைய சண்டையைக் கிளப்ப நினைக்கிறவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அவர்களுக்கு இந்தக் கண்டுபிடிப்பைக் கொடுத்துவிடாதீர்கள். முதல் நாளிலிருந்தே முடிவுகளை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் வதந்திக்கு இடம் இருக்காது.

என்ன கேட்கிறேன் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். யார் வீட்டையும் இடித்துத் தோண்டச் சொல்லவில்லை. கீழடிப் பக்கம் தரை ஊடுருவும் ரேடார் போன்ற கருவிகளை வைத்து முதலில் பார்த்தீர்களே, அதேபோல இங்கே கோயிலுக்கும் கெடிலத்துக்கும் நடுவே உள்ள காலி இடங்களிலும் பள்ளிக்கூட மைதானங்களிலும் பாருங்கள். கெடிலம் தடம் மாறி மாறி ஓடிய ஆறு, 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஒரே ராத்திரியில் எவ்வளவு வண்டல் கொட்டும் என்று தெரியும், அதனால் ஐந்தாம் நூற்றாண்டுத் தரை எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது என்று கண்டுபிடிக்கவே சில இடங்களில் துளை போட்டு மண்ணை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அறிகுறி தென்பட்டால் மட்டும் சிறு சோதனைக் குழி. கூடவே திருவதிகையில் மேற்பரப்பு ஆய்வு ஒன்று. இவ்வளவுதான், பெரிய செலவு பிடிக்கிற சமாச்சாரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது ஒன்று. மண்ணில் பழைய பொருள் கிடைத்தால் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. அது பொன்னுக்கும் சிலைக்கும்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், உடைந்த செங்கல்லுக்கு யார் போய்க் கலெக்டர் ஆபீஸில் நிற்பார்கள்? சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார்கள், மனையை எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் வேறு. பேங்க் கடன் வாங்கி வீடு கட்டுகிறவருக்கு ஒரு மாதத் தாமதம் என்றாலே வட்டி ஏறும், அந்தப் பயத்தைத் தப்பு சொல்ல முடியாது. ஆகவே ஒரு பக்கத் துண்டுப் பிரசுரம் போடுங்கள். எப்படிப்பட்ட செங்கல், எப்படிப்பட்ட ஓடு என்று படத்தோடு, யாருக்குப் போன் செய்ய வேண்டும், வந்து பார்க்க எத்தனை நாள் ஆகும், மனைக்கு என்ன ஆகும் ஆகாது என்பதைச் சட்டம் தெரிந்தவர்கள் எழுதிய சொற்களில். அதைக் கட்டட அனுமதிப் படிவத்தோடேயே கொடுத்துவிடலாம். கொத்தனார்களுக்கும் ஜேசிபி ஓட்டும் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் கூட்டம் போட்டுச் செங்கல்லைக் கையில் கொடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. அவர்கள் கண்ணுக்குத் தப்பாது, நமக்கு முன்னால் மண்ணைப் பார்ப்பது அவர்கள்தான்.

மஞ்சக்குப்பத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கிடைப்பதைச் சென்னைக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே ஒரு அலமாரியில் வையுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் சர்வநந்தியின் அந்த முடிவுரையைத் தமிழ்ப்படுத்தி, சக 380 என்ற தேதியோடு, அந்தப் பெரிய எண்ணையும் எழுதி ஒரு பலகை மாட்டுங்கள். இன்னொரு பலகை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்.

வேலைக்கு நல்ல காலம் மாசியிலிருந்து ஆடி வரை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் கெடிலக்கரையில் அரையடி குழி வெட்டினாலும் தண்ணீர் ஊறும். ஆட்கள் வேண்டும் என்றால் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், எந்தக் கொல்லையில் பழைய கிணறு இருக்கிறது, எங்கே தோண்டியபோது என்ன வந்தது என்று நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் வந்து பேசுங்கள், அவர்களுக்கு வயதாகிறது. வீடு வீடாகக் கூட்டிப்போக நாங்கள் தயார்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கும் ஒருவன்